ஈச்சங்கொல்லையின் மூன்றாவது அடுப்புக்கல்

1978-ஆம் வருஷம் தை மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுக்குச் சற்று மேற்கே இருக்கும் ஈச்சங்கொல்லையில், ஊர்க்களி தின்ன வந்த நூற்றேழு பேர் யாரும் சொல்லாமலே வரிசை பிடித்து உட்கார்ந்தார்கள். முதலில் ஓர் ஒற்றை வரிசை. கொஞ்சம் இடம் விட்டு ஓர் இரட்டை வரிசை. மறுபடி ஒற்றை, மறுபடி இரட்டை. வரிசைக்குப் பன்னிரண்டு பேராக மொத்தம் ஒன்பது வரிசை. அதுவும் நேர்க்கோடாக இல்லை. ஒருவர் கொஞ்சம் முன்னால், அடுத்தவர் கொஞ்சம் பின்னால், முழங்காலும் முழங்காலும் உரசும்படி வளைந்து வளைந்து போனது. அன்றைக்குப் புளி விலை முந்தின வாரத்தைவிட நாலணா இறங்கியிருந்தது. வானத்தில் மேகம் இல்லை. அம்மை குத்த வந்த டாக்டரம்மாவையும், மண்ணெண்ணெய் ஊற்ற வந்த ரேஷன்காரரையும் வரிசையில் நிற்கத் தெரியாமல் தொண்டை கட்டக் கத்தவிட்ட ஊர் அது. இதைத் தெரிந்துகொண்டால்தான் அன்றைய விசேஷம் விளங்கும். கடைசி வரிசைக்கு முந்தினதில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. நூற்றெட்டாவது ஆள் களிப்பானைக்குப் பக்கத்தில் கையில் அகப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் பெயர் செந்தாமரை. காலியாக இருந்த அந்த இடம்தான் அவள் தலையில் விழுந்த இடி.

கதை கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்க வேண்டும். கனிமம் தேடும் அரசாங்க இலாகா ஒன்று 1976 கடைசியில் ஊருக்கு வடக்கே வந்து கூடாரம் போட்டது. அங்கே கருங்கல் பாறைக்கு நடுவே வெள்ளைப் பாறை ஒன்று நீளமாக ஓடுகிறது. பூமிக்குள் கொதித்துக் கிடந்த குழம்பு அவசரமே இல்லாமல் ஆறி இறுகினதால், அதில் எல்லாமே பெரிது பெரிதாக விளைந்திருந்தது. அப்பளம் அப்பளமாகக் காக்காப்பொன், ஆள் உயரத்துக்கு வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைப் படிகக்கல், நடுநடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கன்னங்கரேல் என்று ஒரு கல். இலாகாவுக்கு வேண்டியது அந்தக் கறுப்புக் கல்தான். அதற்குள் டான்டலம் என்று ஓர் உலோகம் இருக்கிறதாம். ரேடியோவுக்குள் வைக்கலாம், ஆகாயத்துக்கு அனுப்புகிற யந்திரத்தில் வைக்கலாம், உடைந்த எலும்புக்குப் பக்கத்தில்கூட வைத்துத் தைக்கலாம். ஆனால் அது தனியாக இருக்காது. நையோபியம் என்ற இன்னோர் உலோகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, எது எவ்வளவு என்று எழுதி அனுப்பும் வேலைக்கு, வேலூரிலிருந்து ஆதிநாராயணன் என்ற ரசாயனக்காரரை எழுபத்தெட்டுப் புட்டிகளோடு மலையேற்றினார்கள். மெலிந்த, மரியாதையான மனிதர். எறும்பு கடித்தால்கூட எறும்பிடம் மன்னிப்புக் கேட்பார் போலிருக்கும். அவர் ஒவ்வொரு புட்டியாகத் திறந்து கறுப்புக் கல்லின் மேல் ஊற்றினார். தங்கத்தையே கரைக்கிற ராஜ திராவகத்தை ஊற்றினார். கல் குளித்து எழுந்த எருமைபோலப் பளபளவென்று இருந்ததே ஒழிய, ஒரு துளி கரையவில்லை. அதைக் கரைக்கிற அமிலம் ஒன்றே ஒன்று உண்டு. அது கண்ணாடியையே தின்றுவிடும் என்பதால் மலைக்கு ஏற்றமாட்டேன் என்று மூன்று லாரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மேலிடத்திலிருந்து வாரம் ஒரு கடிதம் வந்தது. வாரம் ஒருமுறை ஆதிநாராயணன், பிரிக்க முயன்றுகொண்டிருப்பதாகப் பதில் எழுதினார்.

செந்தாமரை அந்தக் கூடாரத்தில் சமையல் செய்தாள். ஆதிநாராயணனுக்கும் குழி வெட்டுகிற ஒன்பது பேருக்கும் களியும் குழம்பும் அவள் பொறுப்பு. இருபத்திரண்டு வயசு, ஒடிசலான உடம்பு, நல்ல வாய். அவளைப் பற்றி ஊருக்குத் தெரிந்த விசித்திரம் ஒன்று, தெரியாத விசித்திரம் ஒன்று. தெரிந்தது எடை. பார்வைக்கு அவளும், குழி வெட்டுகிற சின்னராசுவும் ஒரே உயரம், ஒரே பருமன். ஆனால் வாணியம்பாடியிலிருந்து புளி எடுக்க வரும் ஃபரூக் பாய் ஒருநாள் விளையாட்டாக இருவரையும் தராசில் உட்காரவைத்தபோது, சின்னராசு நாற்பத்தாறு கிலோ இருந்தான், செந்தாமரை தொண்ணூறு கிலோ இருந்தாள். அவள் ஏறினால் ஜீப் அந்தப் பக்கம் சாயும், டிரைவர் எதிர்ப் பக்கத்தில் இரண்டு மூட்டை வைத்து நிமிர்த்துவார். உடம்புவாகு என்று ஊர் அதை விட்டுவிட்டது. ஊருக்குத் தெரியாதது அவளுடைய பசி. செந்தாமரைக்கு வேளைக்கு ஐந்து உருண்டை களி வேண்டும்.

ஈச்சங்கொல்லையில் களி உருண்டைக்கு ஒரு வழக்கம் உண்டு. உருண்டை எல்லா வீட்டிலும் ஒரே அளவு, சின்னத் தேங்காய் அளவு. மனிதர்களில் இரண்டு உருண்டைக்காரர், ஐந்து உருண்டைக்காரர் என்று இரண்டே வகைதான் உண்டு. மூன்று கேட்டவரையும் நாலு கேட்டவரையும் அந்த ஊர் பார்த்ததில்லை. ஆண்களில் இரு வகையும் இருந்தார்கள். பெண்கள் எல்லோரும் இரண்டு உருண்டை. அப்படித்தான் தட்டில் வாங்குவார்கள். செந்தாமரையும் எல்லோருக்கும் முன்னால் இரண்டு வாங்கித் தின்பாள். மிச்சம் மூன்றைக் கூடாரத்துச் சமையல் மறைப்புக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, உப்பும் மிளகாயும் தொட்டுக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு முழுங்குவாள். உலகத்திலேயே தான் ஒருத்திதான் இப்படிப்பட்ட பேய்ப்பசிக்காரி என்று அவள் நம்பினாள். வெட்கத்தில் சில நாள் அழுதுகொண்டே தின்றாள். ஆனாலும் ஐந்தும் தின்றுவிட்டுத்தான் எழுந்தாள்.

இந்தப் பசியைக் கண்டுபிடித்தவன் சின்னராசு ஒருவன்தான். அவனும் ஐந்து உருண்டைக்காரன். ஒருநாள் நாலைத் தின்றுவிட்டு, ஐந்தாவதைத் தட்டிலேயே வைத்து, வயிறு ரொம்பிவிட்டது என்று சொல்லி மறைப்புப் பக்கம் தள்ளிவிட்டுப் போனான். மறுநாளும் அப்படியே செய்தான். மூன்றாம் நாள் செந்தாமரை அவனைத் தடுத்து, "இன்னா, தெனம் வயிறு ரொம்புது ஒனக்கு?" என்று கேட்டாள். "ரொம்பலதான். நீ துன்னு," என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான். இதைவிடப் பெரிய காதல் வசனம் அந்த மலையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் பேசவில்லை என்பது என் கருத்து. செந்தாமரை மேல்வீட்டு வகையறா, சின்னராசு கீழ்வீட்டு வகையறா. ஊரில் இருப்பதே இந்த இரண்டு வகையறாதான். ஒரே வகையறாவுக்குள் எல்லோரும் பங்காளிகள், அண்ணன் தங்கை. கல்யாணம் என்றால் ஒன்றிலிருந்து மற்றதுக்குத்தான். ஆகவே தடை இல்லை. மாசி ஒன்பதாம் தேதி கல்யாணம் என்று வெற்றிலை மாற்றியாயிற்று. சின்னராசுவின் அம்மா மாணிக்கம்மாள் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், "பொண்ணு எவ்ளோ துன்னும்?" செந்தாமரையின் அம்மா மங்கம்மாள் கொஞ்சமும் யோசிக்காமல், "ரெண்டுதாங்க. அதுலயும் பாதி கோழிக்குப் போட்டுரும்," என்று சொன்னாள். மங்கம்மாள் நிஜமாகவே அப்படி நம்பினாள். மாணிக்கம்மாள் திருப்தியாகத் தலையாட்டினாள். ஐந்து தின்கிற மருமகள் வந்தால் கேழ்வரகுக் குதிர் ஆடி மாசத்துக்குத் தாங்காது என்பது அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த கொள்கை.

இனி அடுப்புக்கு வரலாம். கூடாரத்தில் அடுப்புக்கு மூன்று கல் வேண்டியிருந்தது. செந்தாமரை பக்கத்தில் கிடந்த வெங்கச்சங்கல்லை எடுத்து வைத்தாள். சூடேறினதும் அது பட்டாசாக வெடித்துக் குழம்புச் சட்டியைக் கவிழ்த்தது. நாலு தடவை நாலு கல் வெடித்தது. கோபம் வந்து, ஆதிநாராயணன் எழுபத்தெட்டுப் புட்டியாலும் குளிப்பாட்டி மூலையில் வைத்திருந்த கறுப்புக் கல்லைத் தூக்கிவந்து மூன்றாவது கல்லாக வைத்துவிட்டாள். உரிக்காத தேங்காய் அளவுதான் இருக்கும், பதினாலு கிலோ கனத்தது. இரண்டு கல் ஒட்டிப் பிறந்து அரசிலை வடிவத்தில் விளைந்திருந்தது. அது வெடிக்கவில்லை, விரிசல் விடவில்லை. ஒரு மாசம் கழித்து ஆதிநாராயணன் தற்செயலாக அடுப்பைப் பார்த்தார். இலாகாவின் மிகப் பெரிய மாதிரிக் கல்லின் மேல் மொச்சைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு, ராஜ திராவகம் செய்யாததை மொச்சைக் குழம்பு செய்துவிடப் போவதில்லை என்று முடிவுசெய்து, ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சமயத்திலேயே குழி வெட்டுகிற ஒன்பது பேரும் மூன்று பேர் ஒரு வரிசை, ஆறு பேர் இரண்டு வரிசை என்று உட்கார ஆரம்பித்திருந்தார்கள். சிநேகிதம் அப்படி என்று செந்தாமரை நினைத்துக்கொண்டாள்.

தை மாசம் அறுப்பு முடிந்ததும் ஈச்சங்கொல்லையில் ஊர் முழுக்க ஒரே பானையில் களி கிண்டித் தின்பது வழக்கம். அந்த வருஷம் பெரிய பானைக்குத் தோதான கல் வேண்டும் என்று செந்தாமரையின் மூன்றாவது கல்லைக் கேட்டு வாங்கிப் போனார்கள். விடியலிலிருந்து உச்சிவரை அதன்கீழ் வேலங்கட்டை எரிந்தது. அவ்வளவு நீளமான சூட்டை அந்தக் கல் அதற்குமுன் கண்டதில்லை. உச்சி வெயிலில் தட்டோடு வந்தவர்களின் கால்கள், எங்கே உட்காருவது என்ற முடிவைத் தாங்களே எடுத்தன. ஊர்க்கவுண்டர் வேடியப்பன் வழக்கமாக உட்காரும் புளியமரத்தடிக்குத்தான் நடந்தார், ஆனால் ஆறாவது வரிசையில் நாலாவதாகப் போய் உட்கார்ந்தார். ஃபரூக் பாய் மூட்டை ஏற்ற வந்தவர், மரியாதைக்குத் தட்டு வாங்கியவர், முதல் ஒற்றை வரிசையில் மங்கம்மாளுக்கும் ஆதிநாராயணனுக்கும் நடுவே அமர்ந்தார். பரிமாறி முடித்த செந்தாமரை பானைக்குப் பக்கத்திலேயே நின்று தின்றுவிடலாம் என்று பார்த்தாள். கால் கேட்கவில்லை. நடந்துபோய்க் காலியாக இருந்த அந்த ஓர் இடத்தில் உட்கார்ந்தாள். இடது பக்கம் சின்னராசு, வலது பக்கம் மாணிக்கம்மாள். இரண்டு பக்கமும் முழங்கால் இடித்தது. அவளுக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் கை கழுவும்வரை நீடித்தது. வேடியப்பன் எழுந்து நின்று வரிசைகளை மேலும் கீழும் பார்த்தார். அந்த ஊரில் மனிதர்கள் வரிசையாக உட்காருவது பஞ்சாயத்தில் மட்டும்தான். அப்போது மேல்வீட்டார் ஒரு பக்கம், கீழ்வீட்டார் ஒரு பக்கம். வரிசை என்றால் வகையறா. அவருக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான், அந்தக் கணக்கையே போட்டார். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தபோது வழியில் இருட்டிவிட்டது, அந்த இருட்டில் வகையறா கலந்துபோய்விட்டது, இத்தனை தலைமுறை கழித்து அடுப்புத் தாய் அதைப் பிரித்துக் காட்டிவிட்டாள் என்று தீர்ப்புச் சொன்னார். ஒற்றை வரிசையெல்லாம் மேல்வீடு. இரட்டை வரிசையெல்லாம் கீழ்வீடு. ஏற்கெனவே நடந்த கல்யாணங்களுக்கு மன்னிப்பு உண்டு, இனி நடக்கிறவற்றுக்குக் கிடையாது. செந்தாமரையும் சின்னராசுவும் ஒரே வரிசையில் உட்கார்ந்ததால் அண்ணன் தங்கை. செந்தாமரை அவரைப் பார்த்து, "மாமா..." என்று ஆரம்பித்தாள். "மாமா இல்லம்மா. இனிமே பெரீப்பான்னு கூப்டு," என்று அவர் அன்பாகத் திருத்தினார்.

அடுத்த மூன்று வாரம் ஊர் புது உறவுகளோடு மல்லுக்கட்டியது. ஒரே வரிசையில் உட்கார்ந்த புருஷன் பெண்டாட்டிகள் பதினோரு ஜோடி. மன்னிப்பு இருந்தும், முனியன் என்பவன் கிடைத்தது வாய்ப்பு என்று தன் பெண்டாட்டி ஜெயம்மாளைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தான். தங்கச்சி அண்ணனைத் திட்டக் கூடாது என்றான். ஜெயம்மாள் திட்டவில்லை. தங்கச்சி பொங்கிப்போடுகிற வழக்கமும் இல்லை என்று அடுப்பை அணைத்துவிட்டாள். நாலாம் நாள் காலை முனியன் மறுபடியும் புருஷனானான். ஃபரூக் பாய் ஒற்றை வரிசையில் உட்கார்ந்ததால் மேல்வீட்டுப் பங்காளி ஆனார். மேல்வீட்டில் ஒரு கிழவர் செத்தபோது வாணியம்பாடிக்கு ஆள் அனுப்பி, பங்காளித் தீட்டு பத்து நாள் என்று சொன்னார்கள். அவரும் மரியாதை தெரிந்தவர், பத்து நாள் புளி எடுக்க வரவில்லை. பதினோராம் நாள் தாடியை எடுக்கச் சொன்னபோது மட்டும், "அரே, அது நம்மால ஆவாது கவுண்டரே. மத்தது இன்னா வேணா சொல்லுங்க," என்று கைகூப்பினார். ஊர் ஒத்துக்கொண்டது.

செந்தாமரைக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னராசு கூடாரத்துக்கு வந்தான், குழி வெட்டினான், ஐந்தாவது உருண்டையை மறைப்புப் பக்கம் தள்ளினான். ஆனால் தலையைக் குனிந்துகொண்டே செய்தான். மாணிக்கம்மாள் மலையின் அந்தப் பக்கத்தில் வேறு பெண் பார்க்க ஆள் அனுப்பிவிட்டதாகப் பேச்சு வந்தது. செந்தாமரை அழுதுகொண்டே களி கிண்டினாள், குழம்புக்கு உப்பு போட மறந்தாள், அல்லது இரண்டு தடவை போட்டாள். ஆதிநாராயணன் அதையும் குறை சொல்லாமல் தின்றார். அவருக்கும் துக்கம்தான். மேலிடத்திலிருந்து, இன்னும் ஏன் பிரிக்கவில்லை என்று சிவப்பு மையில் கடிதம் வந்திருந்தது. இரண்டு துக்கக்காரர்களும் ஒரு மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது, அவர் யாரிடமாவது சொன்னால் போதும் என்கிற மாதிரி பேச ஆரம்பித்தார்.

"இந்தக் கல்லுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆளுங்க ரெண்டு வகை இருக்காங்கன்னு வெச்சுக்கம்மா. இரும்பும் மாங்கனீசும் ஆளுக்கு ரெண்டு கை. டான்டலமும் நையோபியமும் ஆளுக்கு அஞ்சு கை. பூமியிலேருந்து எடுக்கிறப்போ எல்லாம் கலந்துகட்டி உட்கார்ந்திருக்கும், பஸ் ஸ்டாண்டு மாதிரி. நல்லா நேரம் எடுத்துக் காய்ச்சினா அதுவா பிரிஞ்சு உட்காரும். ரெண்டு கை ஒரு அடுக்கு, அஞ்சு கை ரெண்டு அடுக்கு. மறுபடி ஒண்ணு, மறுபடி ரெண்டு. அடுக்குக்குள்ளே வளைஞ்சு வளைஞ்சு சங்கிலி போட்டுக்கும். அப்புறம் ஆறினாலும் கலையாது."

செந்தாமரை அகப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு முன்னால் ஒன்பது வரிசையும் ஓடியது. முதல் வரிசையில் ஃபரூக் பாய். ஆதிநாராயணன். அம்மா. குழி வெட்டுகிறவர்களில் அந்த மூன்று பேர். அவர்கள் யாருக்கும் அவள் இரண்டு உருண்டைக்கு மேல் வைத்ததே இல்லை. இரட்டை வரிசையில் ஊர்க்கவுண்டர், முனியன், சின்னராசு. எல்லோருக்கும் ஐந்து.

"கை இல்ல சார்," என்றாள். "உருண்டை."

ஆதிநாராயணன் தட்டிலிருந்த தன் இரண்டு உருண்டையையும் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். அப்புறம் ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் ஒன்று, இரண்டு என்று கோடு போட ஆரம்பித்தார். அவருக்கு அது இன்பமான நேரம். செந்தாமரைக்கு அப்படி இல்லை. கணக்கு அவளை விடாமல் இழுத்துக்கொண்டு போனது. இரட்டை வரிசையில் பெண்களும் இருந்தார்களே. ஊர் பார்க்க இரண்டு உருண்டை வாங்குகிற பெண்கள். விரல்விட்டு எண்ணினாள். தன்னையும் சேர்த்து முப்பத்தொன்று. முப்பத்தொரு பெண்கள் இந்த ஊரில் ஏதோ ஒரு மாட்டுக் கொட்டகையில், ஏதோ ஒரு விறகு அடுக்குக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து மூன்று உருண்டையை முழுங்கிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது முழுங்க வழியில்லாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள். தான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷம் நினைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள், சிரிப்போடு அழுகையும் வந்தது. பிறகு, முப்பத்தொரு பேரில் தன் வலது முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் என்பது நினைவுக்கு வர, சிரிப்பு நின்றுவிட்டது.

சின்னராசுவிடம் சொன்னாள். அவன் பயந்துவிட்டான். வரிசை பசியால் வந்தது என்று சொல்லாவிட்டால் அண்ணன் தங்கை. சொன்னால், அவள் ஐந்து உருண்டைக்காரி என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். "எங்கம்மா ஒத்துக்காது செந்தாமர. அஞ்சு துன்ற பொண்ணுன்னா வூட்டு வாசல மிதிக்க வுடாது," என்றான். சொல்லாவிட்டாலும் போச்சு, சொன்னாலும் போச்சு. இரண்டில் எந்தப் பக்கம் போவது என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். அந்த இரண்டு நாளும் ஆதிநாராயணன் ஃபரூக் பாயின் புளித் தராசை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, கறுப்புக் கல்லைக் காற்றில் ஒரு தடவை, தண்ணீர் அண்டாவுக்குள் தொங்கவிட்டு ஒரு தடவை எடை போட்டார். வெளியே பதினாலு கிலோ, தண்ணீருக்குள் பன்னிரண்டு. அப்படியானால் தண்ணீரைப்போல ஏழு மடங்கு கனம். முழுக்க நையோபியம் என்றால் ஐந்து மடங்கு சொச்சம் இருக்கும், முழுக்க டான்டலம் என்றால் எட்டு. ஏழு என்பது இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று பார்த்தால் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு சொட்டு அமிலம் வேண்டாம், பிரிக்கவே வேண்டாம். "ரெண்டும் ஒரே அளவும்மா. ஒரே பசி. ஒண்ணு உட்கார வேண்டிய இடத்துல இன்னொண்ணு உட்கார்ந்தாலும் கல்லுக்குத் தெரியாது. எடைதான் ஒண்ணு பாதி, ஒண்ணு முழுசு. இதைப் போய்ப் பிரின்னு ஒரு வருஷமா எழுதறாங்களே," என்று அவர் அண்டாவுக்குள் கையை விட்டபடி சொன்னார். செந்தாமரை அதைக் கேட்டுக்கொண்டே தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே உயரம், ஒரே பருமன், நாற்பத்தாறு, தொண்ணூறு. அன்றைக்கு முடிவு செய்துவிட்டாள்.

மாசி நாலாம் தேதி ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டார். கல்யாணத்தை முறைப்படி நிறுத்தி வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்குமுன் அடுப்புத் தாயின் வாக்கை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல காரியமானாலும் கெட்ட காரியமானாலும் ஊர் கூடினால் களி உண்டு. அதே கறுப்புக் கல் வைத்த அடுப்பில் கிண்டுவது செந்தாமரை. வழக்கம்போல முன்னூற்று முப்பத்தொன்பது உருண்டைக்கு மாவு எடுக்கச் சொன்னார்கள். அவள் கிழக்கு வெளுக்கும்போதே துடுப்பைப் பிடித்தாள். முன்னதாகவே வந்த மங்கம்மாள், பானை விளிம்புவரை ஏறியிருப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டதற்கு, மாவு புதுசு, பொங்கி வருது என்று சொல்லிவிட்டாள். கெங்கம்மாள் என்ற பக்கத்து வீட்டுக்காரி உருண்டை பிடிக்க உதவிக்கு வந்தாள். உருண்டை முன்னூற்று முப்பத்தொன்பதைத் தாண்டியும் நிற்காததைப் பார்த்தாள், செந்தாமரையின் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். கெங்கம்மாள் மூன்றாவது வரிசைக்காரி.

உச்சியில் எல்லோரும் வந்தார்கள். கால்கள் பழைய இடத்துக்கே கொண்டுபோய் உட்காரவைத்தன. செத்துப்போன மேல்வீட்டுக் கிழவரின் இடம் மட்டும் ஒற்றை வரிசையில் காலியாகக் கிடந்தது, அதன் பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து அடைக்க முயன்றும் நகர முடியவில்லை. செந்தாமரை வழக்கப்படி எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, காலித் தட்டோடு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். வேடியப்பன் வெற்றிலையைக் கையில் எடுத்தார். செந்தாமரை சின்னராசுவுக்கும் மாணிக்கம்மாளுக்கும் நடுவிலிருந்து எழுந்தாள்.

"மாமா," என்றாள் வேண்டுமென்றே. "இது வகையறா வரிசை இல்லீங்க. பசி வரிசை. ஒத்த வரிசையில கீறவங்க எல்லாம் ரெண்டு உருண்ட. ரெட்ட வரிசையில கீறவங்க எல்லாம் அஞ்சு உருண்ட. பாய் மேல்வீட்டுப் பங்காளி இல்லீங்க, அவரு ரெண்டுக்கு மேல துன்ன மாட்டாரு, அவ்ளோதான்."

ஊர் முனகியது. ஆண்கள் தங்கள் தட்டுகளையும் பக்கத்துத் தட்டுகளையும் எண்ணிப் பார்த்தார்கள். முனியன் ஆறுவரை எண்ணிவிட்டுத் திரும்ப முதலிலிருந்து எண்ணினான். ஃபரூக் பாய் தன் தாடியைத் தடவிக்கொண்டு, "அது சரிதான்," என்றார் நிம்மதியாக. வேடியப்பன் மட்டும் லேசில் விடுகிறவரா? "ஆம்பளைங்களுக்குச் சரியா வருது. ரெட்ட வரிசையில பொம்பளைங்க கீறாங்களே, அவங்க எல்லாம் ரெண்டுதான துன்றாங்க?" என்று கேட்டார். ஞாயமான கேள்வி. அறுபது வருஷமாக அவர் கண்ணால் பார்த்தது அதுதான்.

முப்பது பெண்கள் தரையைப் பார்த்தார்கள். செந்தாமரை பானைக்குப் போனாள். தன் தட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று ஊர் கேட்கச் சொல்லி உருண்டைகளை வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, குழம்பை ஊற்றி, எல்லோரும் பார்க்கத் தின்ன ஆரம்பித்தாள். மங்கம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சின்னராசு தன் ஐந்தாவது உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தள்ளுவதா தின்பதா என்று தெரியாமல் விழித்தான். மூன்றாவது உருண்டையில் செந்தாமரைக்குக் கண்ணீர் வந்து குழம்பில் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை, ஏனென்றால் நிஜமாகவே பசித்தது. ஐந்தையும் முடித்துவிட்டு, விரலை நக்கிவிட்டு, வலது பக்கம் திரும்பினாள். அந்த அம்மாளின் வரிசையையும் தட்டையும் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா பார்த்தாள்.

மாணிக்கம்மாள் காலியான தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் அந்தத் தட்டில் இரண்டுக்கு மேல் ஏறியதில்லை. மிச்சத்தை எங்கே, எப்படித் தின்றாள், எத்தனை நாள் தின்னாமல் இருந்தாள் என்பதெல்லாம் அவளுக்கும் அவள் வீட்டு எருமைக்கும் மட்டுமே தெரியும். குதிர் ஆடிக்குத் தாங்காது என்று அவள் சொன்னதெல்லாம் அவள் மாமியார் அவளிடம் சொன்னது. வேடியப்பன் வெற்றிலையைப் பிடித்த கையை இறக்க மறந்து நின்றார். கடைசியில் மாணிக்கம்மாள் தட்டைத் தூக்கி மருமகள் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் மூணு போடு," என்றாள். பிறகு, தட்டை இன்னும் முன்னால் தள்ளி, "இன்னாத்துக்குப் பாக்கற? அத்தேன்னு கூப்டுகினே போடு."

அதற்கப்புறம் இருபத்தொன்பது தட்டுகள் நீண்டன. கெங்கம்மாளின் தட்டு நீண்டது, ஜெயம்மாளின் தட்டு நீண்டது. ஊர்க்கவுண்டரின் பெண்டாட்டி தட்டை நீட்டினபோது வேடியப்பன் வெற்றிலையை மடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். களி பற்றாமல் போகுமே என்று ஆண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பற்றாமல் போகவில்லை. ஆளுக்கு மூன்றாக முப்பத்தொரு பெண்களுக்குத் தொண்ணூற்று மூன்று உருண்டை, செந்தாமரை விடியற்காலையிலேயே கூடுதலாகக் கிண்டி வைத்திருந்தாள். மொத்தம் நானூற்று முப்பத்திரண்டு. செத்துப்போன கிழவரின் இரண்டு மட்டும் மிச்சமாயின. அவற்றைக் காலியிடத்தில் வைத்தார்கள்.

கல்யாணம் மாசி ஒன்பதாம் தேதியே நடந்தது. ஆதிநாராயணன், இரண்டும் பிரிகிற ஜாதி அல்ல, பிரிக்காமலே அளவு தெரிந்துவிட்டது என்று எடைக் கணக்கோடு மேலிடத்துக்கு எழுதினார். வந்தது பாராட்டா திட்டா என்று அவருக்கே விளங்காத ஒரு பதில் வந்தது. வேறு பெரிய கல் கிடைக்காததால் 1979-இல் கூடாரத்தைப் பிரித்தார்கள். மாதிரிக் கல்லை உடனே அனுப்பவும் என்ற கடைசிக் கடிதத்துக்கு, கல் உபயோகத்தில் இருக்கிறது என்று பதில் போட்டுவிட்டு அவர் மலையிறங்கினார். 1984-இல் புதூர்நாட்டிலிருந்து ஈச்சங்கொல்லைக்குப் பஸ் வந்தது. களி தின்றுவிட்டு ஏறுகிற நாட்களில் ஜனங்கள் ஒரு வரிசை விட்டு இரண்டு வரிசையாகத்தான் உட்காருவார்கள். கண்டக்டர் முதல் வாரம் சண்டை போட்டார், இரண்டாம் வாரம் அவரும் இரட்டை வரிசையில் தனக்கென்று ஓர் இடம் கண்டுகொண்டார். அந்த வருஷத்து ஊர்க்களிக்குத்தான் செந்தாமரையின் மகளுக்கு முதல்முறையாகத் தனித் தட்டு கொடுத்தார்கள். மூன்று வயசு, தூக்கினால் மட்டும் தெரிகிற கனம். ஒற்றை வரிசைக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று வேடிக்கை பார்த்தாள், பிறகு தத்தித் தத்தி நடந்துபோய் அம்மாவுக்கும் மாணிக்கம்மாளுக்கும் நடுவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து தட்டை நீட்டினாள். எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து வைத்தார்கள்.